உன் காதல் கதையில் நான் கை வைத்தது

மகனே,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் ஆரம்பிக்கத் தெரியும். ஆனால் இன்று காலையில்தான் நீ கொச்சியிலிருந்து அம்மாவை அழைத்து, நலம், தோசை சாப்பிட்டாச்சு, மழை இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். நான் வழக்கம்போல "சரி, ஒடம்ப பாத்துக்கோ" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் அப்போது தொண்டை வரைக்கும் வந்திருந்தது. பேச்சில் அது வெளியே வராது என்று தெரிந்ததும் மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். எதையும் குறித்து வைத்துக்கொண்டு எழுதுகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்துக்கும் ஒரு துண்டுத் தாளில் குறிப்பு எழுதியிருக்கிறேன். அதில் முதல் வரி, 'குற்றத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்' என்பது. சொல்லிவிடுகிறேன். உன் நாவலை நான் கெடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு மட்டும் வரப்போவதில்லை. உன் பதிப்பாளர் தன் மாத இதழில் இதைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்த சிலவற்றையும் மற்றவர்களுக்காக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ எழுதியது பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் படிப்பதற்கான ஒரு காதல் கதை. எல்லையை ஒட்டிய மலையாள ஊரான பாறசாலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அஜின் என்று ஒரு பையன், பிளஸ் டூ படிக்கிறான். வீட்டில் ஒரு பேச்சு, நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஒரு பேச்சு, டியூஷன் சென்டரில் ஒரு பேச்சு, களியக்காவிளை கடையில் வேறொரு பேச்சு என்று ஆளுக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே இருக்கிறவன். அதே டியூஷனுக்குப் பொழியூர் கடற்கரையிலிருந்து மெர்லின் வருகிறாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். பங்குத் தந்தையிடமும் பஸ் கண்டக்டரிடமும் கணக்கு வாத்தியாரிடமும் அவள் ஒரே மாதிரிதான் பேசுவாள். அஜினுக்கு அவளைப் பிடித்துப்போகிறது. அவளுக்கு அவனைப் பிடிக்கிறதா என்றால், எந்த அஜினை என்பதுதான் அவளுடைய குழப்பம். "நீ நாலு ஆளு மாதிரி பேசுத. அந்த நாலுல ஆரு எனக்க கூட ஐஸ் தின்ன வந்தது?" என்று அவள் கேட்கும் இடத்தில் நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தேன்.

ஓணத்துக்கு வந்தபோது, அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்க்க வேண்டிய அந்தத் தாள்களை என்னிடம் தந்து, "அப்பா, எழுத்துப்பிழை வல்லதும் உண்டாண்ணு பாருங்க. பாத்துட்டு நேரா நாகர்கோவிலுக்கு கொரியர் போட்டிருங்க, பதிப்பாளருகிட்ட சொல்லியாச்சு" என்றாய். அவ்வளவுதான் நீ கேட்டது. நான் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டேன். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை. எழுத்துப்பிழைக்குச் சிவப்புப் பேனா, மற்றவற்றுக்குப் பச்சை. முதல் மூன்று நாள் சிவப்பு மட்டும்தான் ஓடியது. நாலாம் நாள், அஜின் பஸ் ஸ்டாண்டில் நின்று மெர்லினிடம் தன் மனதைச் சொல்லும் இடம் வந்தது. நீ எழுதியிருந்தது இப்படி: "உன்ன கண்டா எனக்க வயிறு ஒரு மாதிரி ஆவுது. பரீச்சைக்கு போவும்போ ஆவுமே, அது மாதிரி. அதாக்கும் விசயம்." எனக்கு வேர்த்துவிட்டது. நம் வீட்டு அடுக்களைப் பேச்சு அப்படியே அச்சில் நிற்கிறது. பழைய ஆபீஸ்காரர்கள் பார்ப்பார்கள், உறவுக்காரர்கள் பார்ப்பார்கள். பச்சைப் பேனாவை எடுத்தேன். "உன்னைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் இனம்புரியாத ஒரு சலனம் உண்டாகிறது. தேர்வறைக்குள் நுழையும் மாணவனின் நிலையே என் நிலை." எழுதி முடித்தபோது, கூச்சத்தோடு சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகு பச்சை நிற்கவே இல்லை. அவர்கள் இரண்டு பேரும் பேசிய ஒவ்வொரு வரியையும் மாற்றினேன். மலையாளம் கலந்த சொற்களை எல்லாம் களைந்தேன். பாறசாலையை 'ஒரு சிற்றூர்' ஆக்கினேன். பொழியூர், 'கடலோரக் கிராமம்' ஆயிற்று. வலை கிழிந்ததைப் பார்த்து மெர்லினுடைய அப்பா சொல்லும் ஒரு கெட்ட வார்த்தையை 'அடடா' என்று திருத்தினேன். முழுவதையும் நகல் எடுத்துக் கோப்பில் போட்டு வைத்துவிட்டு, மூலத்தைக் கொரியரில் அனுப்பினேன். உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேஸ் சிலிண்டர் புத்தகத்தைத் தேடிய உன் அம்மாவின் கையில் அந்தக் கோப்பு சிக்கியது. நான் வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேட்டியளா, இது ஆருக்க கத?"

"மகனுக்கதான்."

"அவனுக்க கதைய கொஞ்சம் அவன் எனக்கு போனில வாசிச்சு தந்திருக்கான். அதில இந்த ஆளு கிடையாதே. உள்ளத்தில சலனம்ணு சொல்லுதது ஆரு?"

"அஜின்."

"எம்மா! பஸ் ஸ்டாண்டில நிண்ணு ஒருத்தன் இப்பிடி சொன்னா அந்த குட்டி என்ன செய்யும்? ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போவும்."

நான் உள்ளே போனபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். 'அடடா' வந்ததும் கண்ணீரே வந்துவிட்டது. "கடலுக்கு போற மனுசன், வல கிழிஞ்சு கிடக்கு, அடடாண்ணா சொல்லுவான்? அடடாண்ணு சொன்னா அவனுக்க பெஞ்சாதி வீட்டுல கேற்றுவாளா?" எழுத்தில் வரும்போது ஒரு தரம் வேண்டும், படிக்கிற சின்னப் பிள்ளைகள் நல்ல தமிழைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "நிங்க அந்த பயலையும் பெண்ணு காண கூட்டிட்டு போயிட்டியளே" என்றாள்.

அந்தப் பெண் பார்த்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். காக்காய் வரும் பாதியை அம்மா உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். முன் பாதியை நாங்கள் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் நான் நல்லவனாக இல்லை. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. நிலப் பத்திரங்கள் பதியும் அலுவலகத்தில் குமாஸ்தா, சுற்றிலும் மலையாளம். சேர்ந்த முதல் மாதம், ஃபைலைக் கேட்ட ஒருவரிடம் வாய் தவறி "இன்னா வாறேன்" என்று நம் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் மகிழ்ச்சியாகக் கைதட்டி, "நம்முடெ பாண்டி வந்நல்லோ" என்றார். தமிழ் பேசுகிறவனை அந்தப் பக்கத்தில் கேலியாகக் கூப்பிடும் பேர் அது. அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் அன்றைக்கே நான் ஒரு முடிவு எடுத்தேன். தினமும் மலையாளப் பத்திரிகையைச் சத்தம் போட்டு வாசித்தேன். சந்தேகமான சொற்களுக்கு ஒரு நோட்டு போட்டேன். இரண்டு வருஷத்தில் என் பேச்சில் ஒருவரும் குற்றம் காண முடியாதபடி ஆகிவிட்டேன். தமிழ் வார இதழ் ஒன்றை மட்டும் விடமுடியவில்லை. அதைப் பையின் அடியில் வைத்து, ரயிலில் யாரும் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் எடுத்து வாசிப்பேன்.

காட்டாக்கடையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தரகர், "நல்ல மலையாளம் பறயுத குடும்பமாக்கும், தமிழ் வாசனையே கிடையாது" என்றார். நம்மைப் பற்றி அங்கே போய் அவர் அதையேதான் சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்த உன் ராஜம் அத்தையை உட்காரவைத்து, பெண் வீட்டில் ஒரு தமிழ்ச் சொல்லும் வரக்கூடாது என்று சொன்னேன்.

"எலே, எனக்கு மலையாளம் பேசத் தெரியும், நீட்டி பேசத் தெரியாது. வாய தொறக்காம இருந்தா போருமா?"

"போரும் அக்கா."

"சிரிக்கலாமா?"

"மெதுவா."

அங்கே உன் அம்மா சாயா கொண்டுவந்து வைத்து, "மதுரம் மதியோ?" என்று கேட்டாள். சீனி போதுமா என்று. "தாராளம்" என்றேன். அதில் சீனியே இல்லை. பயத்தில் போட மறந்திருக்கிறாள். நானும் பயத்தில் அதைக் குடித்து முடித்தேன். பக்கத்தில் ராஜம் அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டியதும் அவளும் முழுவதையும் விழுங்கினாள். அந்த வீட்டிலும் ஒத்திகை நடந்திருந்தது. அவர்கள் விளவங்கோடு பக்கத்திலிருந்து காட்டாக்கடைச் சந்தைக்கு வியாபாரத்துக்கு வந்து தங்கியவர்கள். வீட்டுக்குள் பேசுவது நம் பேச்சுதான். கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் அளந்து அளந்து பேசினார்கள். ஒருவரை ஒருவர் ரொம்ப மரியாதைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஏழு மாதம் பாடப்புத்தக மலையாளத்தில் குடும்பம் நடத்தினோம். சண்டை இல்லை, குறை இல்லை. ஆனால் அந்த ஏழு மாதத்தில் நான் அவளை ஒரு தடவைகூடச் சிரிக்கவைக்கவில்லை. மலையாளத்தில் எனக்குப் பிழையில்லாமல் பேசத் தெரியும், விளையாடத் தெரியாது. ஏதாவது வேடிக்கையாகத் தோன்றினால் அது தமிழில்தான் தோன்றும், உடனே விழுங்கிவிடுவேன். கெட்டிக்கொடுத்த மனுஷனுக்குச் சிரிப்பு கிடையாது என்று உன் அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் முன்பக்கம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு சத்தம். "எலே சவத்து காக்கா, எனக்க மீனையா கொண்டு போற? நில்லுலே அங்க! நில்லு சொல்லுதேன்!" நான் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே, "விடு பிள்ளே, ஒரு சாளதானே" என்றேன். சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. அவள் கையில் அரிவாளோடு வாசலில் வந்து நின்றாள்.

"நிங்க என்ன சொன்னிய?"

"நீ என்ன சொன்னே?"

"நான் காக்காகிட்ட சொன்னேன்."

"நானும் காக்காகிட்டதான்."

அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு மீதி மீனையும் காக்காய்கள்தான் தின்றன. நாங்கள் அடுக்களை நடையில் உட்கார்ந்து பொழுது சாயும் வரைக்கும் பேசினோம். அவளுடைய டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கட்டுப் புத்தகம் எடுத்துக் காட்டினாள். நான் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்த அதே வார இதழ். நான் ஒரு வாரம் விட்டுப்போன தொடர்கதையின் பகுதி அவளிடம் இருந்தது. என் மனைவியை நான் முதலில் பார்த்தது காட்டாக்கடையில் இல்லை மகனே, அந்த நடையில்தான்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும், எனக்கு அது வருமா என்று தெரியவில்லை. குற்றம் மலையாளத்தின்மேல் இல்லை. அது எனக்குச் சோறு போட்ட மொழி. இன்றைக்கும் டாக்டரிடம் வலியைச் சொல்ல எனக்கு அதுதான் வரும். நம் வீட்டில் ஓடுவதும் சுத்தமான தமிழ் இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று புரண்டு கிடக்கிற ஒரு பேச்சு. உன் அஜின் பஸ்ஸில் மலையாளம் பேசுவதை மெர்லின் குறையே சொல்வதில்லை, நான் கவனித்தேன். பேச்சை மாற்றும்போது அவன் முகமும் மாறுகிறது என்பதுதான் அவளுடைய புகார். நான் முதலில் தமிழை ஒளித்தேன், வயதான பிறகு நல்ல தமிழைப் போர்த்திக்கொண்டு நம் தமிழை ஒளித்தேன். ஒளிப்பது என்பது ஒன்றேதான். உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: உனக்குப் பிடித்த பெண் முன்னால் வந்து உட்கார்ந்தால், சாயாவில் சீனி இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு. அந்த ஏழு மாதம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மெர்லின் என்று ஒருத்தி நிஜமாகவே இருக்கிறாளா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அந்த வீட்டு மீன்குழம்பை நீ ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பதைக் காட்டி, "இது தின்னவன் எழுதினதாக்கும்" என்கிறாள். இருந்தால் கூட்டிக்கொண்டு வா. ராஜம் அத்தையும் இருப்பாள். இந்த முறை அவளை யாரும் தடுக்கமாட்டார்கள், தடுத்தாலும் நிற்கமாட்டாள்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, இனி எழுத வேண்டியதை நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அன்றைக்கு அம்மா கோப்பைப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள். "நூத்திப் பதினெட்டு கழிஞ்சு நூத்தி இருவத்தொண்ணு. நடுவில உள்ளது எங்க?" என்று கேட்டாள். கதைக்கு அவசியமில்லை என்று எடுத்துவிட்டேன் என்றேன். "அதில என்ன உண்டாயிருந்து?" நான் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றேன். "செடி மிதக்குது. இரிங்க" என்றாள்.

அந்த இரண்டு பக்கத்தில் நீ எழுதியிருந்தது, அஜின் நாலாம் வகுப்பில் படிக்கும்போது நடந்த பள்ளி ஆண்டுவிழா. எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடும் பந்தயத்தில் அவனுக்கு ஒரு சோப்புப் பெட்டி பரிசு கிடைக்கிறது. மைதானத்தின் அந்தப் பக்கம் அவனுடைய அப்பா நடந்து போகிறார். அவன் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "அப்பா! இஞ்ச வாங்க! எனக்கு கிட்டியாச்சு!" என்று கத்துகிறான். அப்பா திரும்பவில்லை. 'அப்பாவுக்குக் கேட்கவில்லை. பேண்டுக்காரர்கள் அவ்வளவு சத்தமாக அடித்துக்கொண்டிருந்தார்கள்' என்று நீ எழுதியிருக்கிறாய். அடுத்த வாரத்திலிருந்து வெளியே அவரை மலையாளத்தில் 'அச்சா' என்று கூப்பிட்டால் மட்டும் அவர் உடனே திரும்புவதை அஜின் கண்டுபிடிக்கிறான். அவன் பேச்சை மாற்ற ஆரம்பித்த இடம் அதுதான். கதைக்கு அவசியமில்லாத பக்கமா அது? கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. எனக்கு அது தெரிந்துதான் வெட்டினேன்.

உன் பள்ளி ஆண்டுவிழா அன்றைக்கு என்னோடு என் மேலதிகாரி நடந்து வந்தார். அவருடைய பேத்தியும் அந்தப் பள்ளியில் படித்தாள். நாங்கள் மைதானத்தின் நடுவில் வரும்போது உன் குரல் கேட்டது. நன்றாகவே கேட்டது. அவர், "ஆரோ விளிக்குந்நல்லோ" என்று, யாரோ கூப்பிடுகிறார்களே என்று என்னிடம் சொன்னார். "வேற ஆரெயெங்கிலும் ஆயிரிக்கும்" என்றேன் நான். வேறு யாரையாவது இருக்கும் என்று. பிறகு நீ 'அச்சா' என்று கூப்பிட ஆரம்பித்தபோது, பையன் தானாகவே புரிந்துகொண்டான் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இவ்வளவையும் உன் அம்மாவிடம் முதல்முறையாகச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவனுக்கு தெரியுமா?"

"தெரியாது. கேக்கல்லைண்ணுதான் எழுதியிருக்கான்."

"பின்ன நிங்க எதுக்கு வெட்டினிய?"

நான் கோப்பைக் கையில் வாங்கி மூடினேன். "நாளைக்கு காலத்தே நாகர்கோவிலுக்கு போங்க" என்றாள். "கொட எடுத்துக்கிடுங்க" என்றும் சொன்னாள். அதனால் கோபம் கொஞ்சம்தான் என்று தெரிந்துகொண்டேன்.

களியக்காவிளையில் பஸ் மாறிப் போனேன். வழி முழுக்கப் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். உன் பதிப்பாளர் ஒல்லியான மனிதர், மேஜை தெரியாமல் தாள். "வாங்க சார், இரிங்க" என்றார். "ஐயா, தங்களிடம் ஒரு விண்ணப்பம்" என்று ஆரம்பித்தேன். அடுத்த வாக்கியம் மறந்துவிட்டது. பிறகு என் வாயிலிருந்து வந்தது, "நான் ஒரு தப்பு செய்தாச்சு. எனக்க பச்ச மைய முழுக்க எடுத்து களயணும்" என்பது. அவர் பெரிதாகச் சிரித்தார்.

"எனக்கு பாத்த அண்ணைக்கே தெரியும் சார். உடனே உங்க மகன்கிட்ட போன்ல கேட்டேன். இது உனக்க அஜின் இல்லியே தம்பின்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி கேட்டான். பொறவு, ‘அப்பா இத்தன நாளு குத்தியிருந்து செய்திருக்காரு, பாவம், அப்படியே போட்டிருங்க’ன்னான்."

"அந்த ரெண்டு பக்கம்?"

"அதையும் கேட்டேன். ‘அப்பா வேண்டாம்ணு நெனச்சா வேண்டாம்’னான்."

எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிடுங்கள் என்று கேட்டேன். "சார், எழுத்தாளன் சொன்னா மாத்துவேன். எழுத்தாளனுக்க அப்பா சொன்னா சாயா தருவேன்" என்றார். சாயா வந்தது. சீனி அதிகம் என்று சொன்னேன். வேறு வாங்கித் தந்தார். பிறகு அவர்தான் இந்த யோசனையைச் சொன்னார். "நீங்க தனியா எழுதினா அவன் மறுபடியும் பாவம்னு விட்டுருவான். நாலு பேரு பாக்க எழுதுங்க, நான் இதழ்ல போடுதேன். அது வெளிய வாறது வரைக்கும் அச்சு நிக்கும். அதுக்கு பொறவும் அவன் ஒண்ணும் சொல்லல்லைன்னா பச்ச மை புத்தகம்தான் வரும்." நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வாழ்ந்தவனை நாலு பேருக்கு முன்னால் நிறுத்திவிட்டார். திரும்பி வரும்போது உதியன்குளங்கரை போகும் ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எங்க போயிட்டு வாறீய?" என்று கேட்டார். "எனக்க மகன் ஒரு காதல் கத எழுதியிருக்கான், அது விசயமா" என்றேன். "தமிழிலயா?" என்றார். "நம்ம தமிழில" என்றேன். பரவாயில்லை, ஒன்றும் ஆகவில்லை. அவர் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு இறங்கிப்போனார்.

ஆகவே இப்போது எல்லாம் உன் கையில் இருக்கிறது. மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து நான் வளைந்தேன். நீ பயப்படுகிறவன் இல்லை; ஆனால் என் மனம் நோகக்கூடாது என்று நீயும் வளைகிறாய். என் பயம் உன்னிடம் இரக்கமாக வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அழகான குணம்தான். ஆனால் அதற்காக அஜின் 'உள்ளத்தில் சலனம்' என்று பேசிக்கொண்டு நிற்க வேண்டுமா? அவன் முன்னூறு பக்கம் பாடுபட்டு, கடைசியில் மெர்லினுடைய அப்பாவின் முன்னால் தன் பேச்சில் பேசுகிறான். அவனை எழுதியவன் தன் அப்பாவிடம் ஒரு 'வேண்டாம்' சொல்லக்கூடாதா? நாகர்கோவிலுக்குப் போன் செய். அப்பா திருத்தியது ஒன்றும் வேண்டாம் என்று சொல். சிவப்பு மட்டும் இருக்கட்டும், அது எழுத்துப்பிழை. அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு, என்ன காரியம் செய்தீர்கள் என்று சத்தம் போடு. போனை அம்மாவிடம் கொடுக்காமல் முழுவதையும் கேட்பேன்.

அந்த இரண்டு பக்கத்தையும் திரும்பச் சேர்க்கச் சொல். உன் எழுத்தில் இனி ஒரு சொல்லைத் தொட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும், நீயாக விரும்பினால் மட்டும், அங்கே ஒரு தகவல் தவறாக இருக்கிறது. நீ கூப்பிட்டபோது பேண்டு நின்றுபோயிருந்தது. மைதானம் அமைதியாக இருந்தது.

நல்லாவே கேட்டுது, மக்கா.

அப்பா